பத்தில் ஒரு நொடி, 225 சூரியன்கள்: கருந்துளை ஓசைக்குப் பின்னால் ஒரு மெட்ராஸ் மாணவரின் கணக்கு

2023 நவம்பர் 23. அமெரிக்காவில் ஒன்றிலிருந்து ஒன்று சுமார் 3,000 கி.மீ. தள்ளி இருக்கும் இரண்டு லைகோ கருவிகளிலும் ஒரே மாதிரி அதிர்வு பதிவானது. நீடித்தது சுமார் 0.1 நொடி. கண் சிமிட்டினால் முடிந்துபோகும் நேரம்.

அந்த அதிர்வை அலசி முடித்து, 2025 ஜூலையில் விஞ்ஞானிகள் விவரத்தை வெளியிட்டார்கள். சூரியனைப்போல சுமார் 137 மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளையும், சுமார் 103 மடங்கு நிறையுள்ள இன்னொன்றும் மோதி ஒன்றாகியிருக்கின்றன. பிறந்த புதுக் கருந்துளையின் நிறை சுமார் 225 சூரியன்கள். அதுவரை ஈர்ப்பலை மூலம் கண்டறியப்பட்ட இணைப்புகளிலேயே மிகக் கனமானது இதுதான். பெயர் ஜி.டபிள்யூ.231123. பெயரில் இருக்கும் எண்கள் வேறொன்றும் இல்லை, அது பதிவான தேதி.

137-ஐயும் 103-ஐயும் கூட்டினால் 240 வருமே, மீதி எங்கே? அது ஈர்ப்பலையாகப் பிரபஞ்சத்தில் பரவிவிட்டது. இவை எல்லாமே நடு மதிப்புகள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மோதுவதற்கு முன் மொத்த நிறை 190 முதல் 265 வரை எங்கேயும் இருந்திருக்கலாம்.

இந்தச் செய்தி வந்த நாட்களில் தமிழ் சமூக ஊடகங்களில் ஒரு பெயர் சுற்றி வந்திருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும்: சுப்பிரமணியன் சந்திரசேகர். 'சந்திரசேகர் வரம்பு' என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு நாம் கடந்துபோகும் பெயர். 19 வயதில் அவர் போட்ட கணக்கு பலருக்கும் தெரியும். 60 வயதைத் தாண்டி அவர் போட்ட இன்னொரு கணக்கு அந்த அளவுக்குத் தெரியாது. அந்த 0.1 நொடியைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது கணக்குதான் நேரடியாக உதவுகிறது. இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதுதான் அவருடைய வாழ்க்கை.

லாகூரில் பிறந்து மெட்ராஸில் வளர்ந்தவர்

சந்திரசேகர் பிறந்தது 1910 அக்டோபர் 19, லாகூரில். அப்பா சி.எஸ். ஐயர், ரயில்வே கணக்குத் தணிக்கைத் துறையில் உயர் அதிகாரி. அம்மா சீதாலட்சுமி, இப்சனின் 'டால்ஸ் ஹவுஸ்' நாடகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். பத்துப் பிள்ளைகளில் இவர் மூன்றாவது, மூத்த மகன். சித்தப்பா சி.வி. ராமன்.

அப்பாவின் வேலை மாற்றத்தால் லக்னோவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1918-ல் குடும்பம் மெட்ராஸுக்கு வந்தது. 12 வயது வரை வீட்டிலேயே படிப்பு. பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. 1925-ல், 15 வயது நிரம்பும் முன்பே, பிரசிடென்சி காலேஜில் சேர்ந்துவிட்டார்.

1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆர்னால்ட் சொமர்ஃபெல்ட் மெட்ராஸ் வந்தார். அவருடைய புத்தகத்தை முழுசாகப் படித்திருந்த சந்திரசேகர், நேராக ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். கிடைத்தது கொஞ்சம் அதிர்ச்சியான பதில். அந்தப் புத்தகத்தில் இருக்கும் அணு இயற்பியல் பழசாகிவிட்டது, குவான்டம் இயக்கவியல் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று விளக்கிய சொமர்ஃபெல்ட், இன்னும் அச்சாகாத தன் கட்டுரை ஒன்றின் பிரதியையும் கொடுத்தார். எலக்ட்ரான்கள் கூட்டமாக இருக்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றிய கட்டுரை அது.

அதை வைத்துக்கொண்டு சில மாதங்களில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார் சந்திரசேகர். 1929-ல் அது லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அடுத்த ஆண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ் முடிந்ததும், இந்திய அரசின் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போக இடம் கிடைத்தது.

அப்போது அம்மா ரொம்பவே உடம்பு முடியாமல் இருந்தார். போகவேண்டாம் என்று சொன்ன உறவினர்கள் உண்டு. போகத்தான் வேண்டும் என்று அம்மாதான் பிடிவாதமாக நின்றார். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார் மகன். அடுத்த ஆண்டு அம்மா இறந்த செய்தி கேம்பிரிட்ஜுக்கு வந்தது.

கப்பலில் போட்ட கணக்கு என்ன?

ஒரு நட்சத்திரத்துக்குள் எப்போதும் ஓர் இழுபறி நடக்கிறது. ஈர்ப்பு விசை உள்ளே இழுக்கும். அழுத்தம் வெளியே தள்ளும். எரிபொருள் தீர்ந்துபோன பிறகு, சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் பூமி அளவுக்குச் சுருங்கி 'வெள்ளைக் குள்ளன்' ஆகிறது. அங்கே அணுக்கரு எரிப்பு கிடையாது. அப்புறம் எது அதைத் தாங்கிப் பிடிக்கிறது?

எலக்ட்ரான்கள்தான். ரிசர்வேஷன் பெட்டியில் ஒரு சீட்டுக்கு ஓர் ஆள்தான் இல்லையா? அதுபோல ஒரு குவான்டம் நிலையில் ஓர் எலக்ட்ரான்தான் இருக்க முடியும். கீழ் சீட்டுகள் நிரம்பினால் அடுத்து வருவது மேலே போக வேண்டும். மேலே என்றால் இன்னும் அதிக வேகம். வேகம் கூடக் கூட அழுத்தம் கூடும். இந்த அழுத்தம்தான் வெள்ளைக் குள்ளனைத் தாங்குகிறது என்று 1926-ல் ஃபௌலர் காட்டியிருந்தார். அவர் கணக்குப்படி எந்த நட்சத்திரமும் கடைசியில் இப்படி நிம்மதியாக ஓய்ந்துவிடலாம்.

சந்திரசேகர் கவனித்தது ஒரே ஒரு விஷயம். எலக்ட்ரான் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாது. கனமான நட்சத்திரத்தின் நடுவில் எலக்ட்ரான்கள் அந்த வேகத்தை நெருங்கிவிடும். அப்படியானால் ஐன்ஸ்டீனின் சார்பியலைக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.

சேர்த்தால் என்ன ஆகும்? எண்ணாகவே பார்க்கலாம். வேகம் குறைவாக இருக்கும் எலக்ட்ரான் கூட்டத்தில் அடர்த்தி 1% கூடினால் அழுத்தம் சுமார் 1.67% கூடும். ஒளி வேகத்தை நெருங்கிவிட்டால் அதே 1%-க்கு அழுத்தம் 1.33% மட்டுமே கூடும். அதாவது 5/3 என்ற எண் 4/3 ஆகிறது. இந்த 4/3 சாதாரண எண் இல்லை. நட்சத்திரத்தைச் சுருக்கும்போது ஈர்ப்பும் சரியாக அதே விகிதத்தில்தான் வலுவடைகிறது. 4/3-க்கு மேலே இருந்தால் நட்சத்திரம் நிற்கும். அதைத் தொட்டுவிட்டால் ஈர்ப்பை எதிர்த்து நிற்க எதுவும் மிச்சமில்லை.

இந்த 4/3-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் மறுபடியும் வரும்.

இந்தக் கணக்கிலிருந்து ஓர் உச்ச நிறை கிடைத்தது. முதலில் அச்சான மதிப்பு 0.91 சூரியன். நட்சத்திரத்துக்குள் என்னென்ன தனிமங்கள் இருக்கும் என்பதைத் திருத்திய பிறகு அது சுமார் 1.4 சூரியன் என்று நிலைத்தது. அதே காலத்தில் இங்கிலாந்தின் எட்மண்ட் ஸ்டோனரும் இப்படி ஒரு வரம்பை வேறு வழியில் எட்டியிருந்தார். நட்சத்திரத்தின் முழு அமைப்பையும் வைத்துக் கணக்கை முடித்தது சந்திரசேகர்.

பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. 1.4-ஐத் தாண்டினால் நேராகக் கருந்துளை என்று அர்த்தம் இல்லை. நடுவில் நியூட்ரான் நட்சத்திரம் என்ற இன்னொரு படி உண்டு. சூரியனைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே அந்தப் படியும் தாங்காது. அதற்குப் பிறகுதான் கருந்துளை. ஆனா, எல்லா நட்சத்திரமும் நிம்மதியாக ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கையை முதலில் உடைத்தது இந்த 1.4.

1935 ஜனவரி 11: ஒரு வெள்ளிக்கிழமை மாலை

1933-ல் பிஎச்.டி., அதே ஆண்டு டிரினிட்டி காலேஜின் ஃபெல்லோ. 1934 முழுக்க சந்திரசேகர் தன் கணக்கை மறுபடியும், இந்த முறை துல்லியமாக, கையால் சுற்றும் கால்குலேட்டரில் போட்டார். அந்த மெஷினை ஏற்பாடு செய்து கொடுத்தவர் ஆர்தர் எடிங்டன். அடிக்கடி அறைக்கு வந்து, கணக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்றும் கேட்டுவிட்டுப் போவார்.

எடிங்டன் யார் என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்ததன் கனம் புரியும். 1919 சூரிய கிரகணத்தில் ஒளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டீன் சொன்னது சரி என்று காட்டிய குழுவின் தலைவர். நட்சத்திரங்களின் உள் அமைப்பு பற்றிய துறையையே கட்டி எழுப்பியவர். அவர் சொன்னால் அதுதான் முடிவு என்ற நிலை.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டி கூட்டம். 24 வயது சந்திரசேகர் தன் முடிவுகளைச் சொல்லி முடித்தார். அடுத்துப் பேசியவர் எடிங்டன். சந்திரசேகரின் கணக்கு சரியென்றால் கனமான நட்சத்திரம் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒளிகூட வெளியே வர முடியாத நிலைக்குப் போய்விடும் என்று அவரே விளக்கினார். அதாவது இன்று நாம் கருந்துளை என்று சொல்வதை அவர் தெளிவாகப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, இது அபத்தம், இயற்கையில் இதைத் தடுக்க ஏதாவது விதி இருந்தே ஆகவேண்டும் என்று முடித்தார். அரங்கத்தில் சிரிப்பு. சந்திரசேகருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு கிடைக்கவில்லை.

எடிங்டன் மறுத்தது கணக்கில் இருந்த ஒரு தப்பைக் காட்டி இல்லை. சார்பியலையும் குவான்டம் விதியையும் இப்படிச் சேர்ப்பதே தப்பு என்பது அவர் வாதம். நீல்ஸ் போர், வொல்ஃப்காங் பௌலி மாதிரி பெரிய இயற்பியலாளர்களுக்கு எடிங்டன் வாதம் நிற்காது என்று தெரிந்திருந்தது. தனிப்பட்ட முறையில் சந்திரசேகரிடம் சொல்லவும் செய்தார்கள். ஆனா போரும் பௌலியும் வெளியே வந்து எழுதவில்லை. வானியலாளர்களோ பெரும்பாலும் எடிங்டன் பக்கம் நின்றார்கள்.

ஆபீஸில் டேட்டாவைச் சரியாக வைத்துக்கொண்டு, மீட்டிங்கில் மூத்தவர் ஒருவரால் கேலி செய்யப்பட்டு, பிறகு காரிடாரில் நாலு பேர் வந்து நீ சொன்னதுதான் சரி என்று காதில் சொல்லிவிட்டுப் போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். இங்கே வித்தியாசம், அந்தக் காரிடார் மௌனத்தின் விலையை ஒரு துறையே கொடுத்தது. கருந்துளை ஆய்வு இதனால் எத்தனை ஆண்டு தள்ளிப்போனது என்பதில் அறிவியல் வரலாற்றாளர்களிடம் ஒத்த கருத்து இல்லை. 1939-லேயே ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் ஒரு நட்சத்திரம் முழுசாக நொறுங்குவதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டு போர் வந்து எல்லோரையும் வேறு வேலைக்கு இழுத்துப்போனது. எனவே பழியை எடிங்டன் ஒருவர் தலையில் போடுவது சரியாக இருக்காது.

சண்டையை விட்டார், வேலையை விடவில்லை

1936-ல் மெட்ராஸ் வந்து லலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். பிரசிடென்சியில் இயற்பியலில் இவருக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவர். பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம் இல்லை, இருவரும் தாங்களே எடுத்த முடிவு. 1937 தொடக்கத்தில் அமெரிக்கா போனார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை. சாகும்வரை அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டு அவர் நகரவில்லை. 1953-ல் இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்கள்.

வரம்பு பற்றிய வாதத்தை என்ன செய்தார்? 1939-ல் நட்சத்திர அமைப்பு பற்றிய தன் முதல் புத்தகத்தில் முழுக் கணக்கையும் எழுதி வைத்துவிட்டு, அந்தத் துறையை விட்டே நகர்ந்தார். அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதம் ஒரு டைம்லைன் போடத் தோன்றும் அளவுக்கு ஒழுங்கானது. ஒரு தலைப்பை எடுப்பார். பல ஆண்டுகள் அதிலேயே மூழ்குவார். கடைசியில் ஒரு கனமான புத்தகம் எழுதி மூடிவிட்டு அடுத்ததுக்குப் போவார்.

1942: நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம்.
1950: நட்சத்திரத்துக்குள் ஒளி எப்படிக் கடந்து வருகிறது.
1961: திரவங்களும் காந்தப்புலமும், அவற்றின் நிலைத்தன்மை.
1969: சுழலும் திரவக் கோளங்களின் வடிவங்கள்.

இதற்கு நடுவே 1952 முதல் 1971 வரை 'அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல்' ஆசிரியர். ஒரு பல்கலைக்கழகத்தின் இதழாக இருந்ததை அமெரிக்காவின் தேசிய இதழாக மாற்றியது அவர் காலத்தில்தான்.

எடிங்டனோடு உறவு முறியவில்லை. கடிதங்கள் தொடர்ந்தன. 1944-ல் எடிங்டன் இறந்தபோது சந்திரசேகர் அவரை மதிப்போடு நினைவுகூர்ந்தார். 1982-ல் எடிங்டன் நூற்றாண்டு உரைகளைக் கேம்பிரிட்ஜில் நிகழ்த்தியவரும் இவர்தான். தன் காலத்தின் மிகச் சிறந்த வானியற்பியலாளர் எடிங்டன்தான் என்று சொன்னார். வரம்பு விஷயத்தில் அவர் செய்தது தப்பு என்பதையும் மறைக்கவில்லை.

இதற்கிடையில் அந்த வரம்பு தானாகவே பாடப்புத்தகத்துக்குள் வந்துவிட்டது. ஓர் எண் மட்டும் சொல்கிறேன். 2021-ல் அறிவிக்கப்பட்ட மிகக் கனமான வெள்ளைக் குள்ளன் ஒன்றின் நிறை சுமார் 1.35 சூரியன். அளவு ஏறத்தாழ நம் நிலா. வரம்பை உரசிக்கொண்டு நிற்கிறது, தாண்டவில்லை.

50 வயதில் மறுபடியும் மாணவர்

1960-களின் தொடக்கத்தில், 50 வயதைத் தாண்டிய பிறகு, சந்திரசேகர் பொதுச் சார்பியலைக் கையில் எடுத்தார். கணிதத்தில் மிகக் கடினமான அந்தத் துறைக்கு இந்த வயதில் புதிதாக வருபவர்கள் குறைவு.

1964-ல் வந்த கட்டுரையில் நம் பழைய 4/3 திரும்பி வந்தது. ஐன்ஸ்டீனின் ஈர்ப்பைக் கணக்கில் சேர்த்தால் நட்சத்திரம் நிற்பதற்கு 4/3 கூடப் போதாது, அதற்குக் கொஞ்சம் மேலேயே ஆபத்து தொடங்கிவிடும் என்று காட்டினார். மிகப் பெரிய நட்சத்திரங்கள் நொறுங்க அவ்வளவாகத் தூண்டுதல் தேவையில்லை என்று அர்த்தம்.

1970-ல் ஈர்ப்பலைப் பக்கம் வந்தார். சுழலும் நட்சத்திரம் ஈர்ப்பலையை வெளியிடும்போது, அந்த வெளியீடே அதை நிலைகுலைய வைக்கலாம் என்று கண்டுபிடித்தார். பின்னால் ஃப்ரீட்மன், ஷூட்ஸ் இருவரும் இதை விரிவாக்கினார்கள். இன்று மூவர் பெயராலும் அது அழைக்கப்படுகிறது.

அதே 1970-ல் இன்னோர் இந்தியர் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்திருந்தார். அப்போது அமெரிக்காவில் இருந்த சி.வி. விஸ்வேஸ்வரா, பிற்காலத்தில் பெங்களூரு நேரு கோளரங்கத்தின் நிறுவன இயக்குநர். ஒரு கருந்துளை மேல் ஈர்ப்பலையை மோதவிட்டால் என்ன திரும்பி வரும் என்று அவர் கணினியில் கணக்குப் போட்டார். திரும்பி வந்தது, தட்டிய மணி அதிர்ந்து அடங்குவது மாதிரி ஓர் அலை.

மணியின் சுருதி

கோயில் மணியைத் தட்டிப் பாருங்கள். எதால் தட்டினாலும் அதன் சுருதி மாறாது. அது மணியின் அளவையும் உலோகத்தையும் பொறுத்தது. பெரிய மணி என்றால் கனத்த சுருதி. கருந்துளையும் அப்படித்தான். எது மோதியது என்பது அதற்கு முக்கியம் இல்லை. தன் நிறை, தன் சுழற்சி இரண்டுக்கும் உரிய சுருதியில் அதிர்ந்து அடங்கும்.

1975-ல் சந்திரசேகரும் இளம் ஆய்வாளர் ஸ்டீவன் டெட்வைலரும் சேர்ந்து, சுழலாத கருந்துளையின் இந்தச் சுருதிகளை எண்களாகக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். கருந்துளையை இரண்டு விதமாகக் கலைக்கலாம். இரண்டுக்கும் சமன்பாடுகள் வேறு வேறு, பார்த்தால் சம்பந்தமே தெரியாது. ஆனா இரண்டும் ஒரே சுருதியைத்தான் தரும் என்பதை அவர்கள் நிறுவினார்கள்.

அந்தக் கணக்கை வைத்து நாமே சில எண்களைப் போடலாம். சுழலாத கருந்துளையின் முதன்மைச் சுருதி இப்படி வரும்:

10 சூரியன் நிறை: சுமார் 1,200 ஹெர்ட்ஸ்.
100 சூரியன் நிறை: சுமார் 120 ஹெர்ட்ஸ்.
200 சூரியன் நிறை: சுமார் 60 ஹெர்ட்ஸ்.

நிறை இரட்டிப்பானால் சுருதி பாதி. சுழன்றால் சுருதி கொஞ்சம் ஏறும். பிரபஞ்சம் விரிவதால் தொலைவிலிருந்து வரும் அலை நீண்டு, நம்மிடம் வரும்போது இறங்கும். ஒலி அடங்கும் நேரம்? 100 சூரியன் நிறையுள்ள சுழலாத கருந்துளையில், அதிர்வின் வீச்சு ஒரு நொடியில் ஏறத்தாழ 200-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும்.

கனமானதைப் பிடிப்பது ஏன் கஷ்டம்?

லைகோ கருவியில் 4 கி.மீ. நீளமுள்ள இரண்டு கைகள் 'எல்' வடிவில் இருக்கும். ஈர்ப்பலை கடந்து போகும்போது அந்தக் கைகளின் நீளம் ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மாறும். லேசர் அதைத்தான் அளக்கிறது. சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் தரையின் நடுக்கமும் மற்ற இரைச்சலும் எல்லாவற்றையும் மூடிவிடும்.

மோதும் பொருள் லேசாக இருந்தால், அவை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே நெருங்கும் கட்டம் நன்றாகக் கேட்கும். 2017-ல் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் இணைந்தபோது சுமார் 100 நொடிகள் சமிக்ஞை கிடைத்தது. 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலில் பதிவான கருந்துளை இணைப்பில், சுமார் 36, 29 சூரியன்கள், கிடைத்தது 0.2 நொடி. 2019 மே 21 அன்று சுமார் 85, 66 சூரியன்கள் நிறையுள்ள இரண்டு இணைந்தபோது 0.1 நொடி.

காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. நிறை கூடக் கூட எல்லாமே கனத்த சுருதிக்கு இறங்கும். சுற்றிச் சுற்றி நெருங்கும் கட்டம் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே முடிந்துபோகும். கருவிக்குக் கேட்பது கடைசி மோதலும், அதற்குப் பின் வரும் மணி ஓசையும் மட்டும். பாட்டு முழுவதும் போய், கடைசித் தாளம் மட்டும் கேட்கிற மாதிரி. அதிலிருந்து யார் பாடினார்கள் என்று சொல்ல வேண்டும்.

ஆபத்து என்னவென்றால், கருவியிலேயே தானாக வரும் சின்னச் சின்னத் துடிப்புகளும் இதே மாதிரி குட்டையாக இருக்கும். அதனால்தான் இரண்டு கருவிகளிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இணைப்பின் கணித மாதிரிகளோடு ஒப்பிட்டு நிறையையும் சுழற்சியையும் மதிப்பிடுகிறார்கள். ஓசை மட்டுமே கையில் இருக்கும்போது, 1975-ல் தொடங்கிய அந்தச் சுருதிக் கணக்கு வெறும் கோட்பாடாக நிற்பதில்லை. அளவுகோல் ஆகிறது.

மறுபடியும் 4/3

137, 103 என்ற எண்கள் ஏன் விஞ்ஞானிகளைத் தூங்கவிடவில்லை?

மிகப் பெரிய நட்சத்திரங்களின் நடுப்பகுதி கடுமையாகச் சூடாகும்போது, அங்கே இருக்கும் காமா கதிர்கள் எலக்ட்ரான், பாசிட்ரான் இணைகளாக மாறத் தொடங்கும். வெளியே தள்ளவேண்டிய ஆற்றல் துகள்களை உருவாக்குவதில் செலவாகிவிடும். அடர்த்தி 1% கூடினால் அழுத்தம் 1.33%-க்கும் குறைவாகத்தான் கூடும். ஆமாம், அதே 4/3. நட்சத்திரம் திடீரென்று சுருங்கும், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் ஒரே மூச்சில் எரிந்து முழு நட்சத்திரமும் வெடித்துச் சிதறும். மிச்சம் எதுவும் இருக்காது, கருந்துளைகூட.

இதனால் சுமார் 60 முதல் 130 சூரியன்கள் வரை நிறையுள்ள கருந்துளைகள் நட்சத்திர மரணத்தில் நேரடியாகப் பிறக்கக் கூடாது. 1930-ல் ஒரு மேல் வரம்பு. இங்கே ஓர் இடைவெளி. இரண்டுக்கும் பின்னால் ஒரே காரணம்: அழுத்தம் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாத அந்த எண்.

2023-ல் மோதிய இரண்டில் சின்னது இந்த இடைவெளிக்குள் நிற்கிறது, பெரியது அதன் விளிம்பில். அப்படியானால் இவை எங்கிருந்து வந்தன? பலரும் சொல்லும் விளக்கம், இவையே முன்பு சின்னக் கருந்துளைகள் இணைந்து பிறந்தவை என்பது. இரண்டுமே மிக வேகமாகச் சுழல்வதாகத் தெரிவது இந்த விளக்கத்துக்கு ஓரளவு துணை. ஆனா அந்தச் சுழற்சி, விதி அனுமதிக்கும் உச்சத்துக்கு அருகில் இருப்பதால் கணித மாதிரிகளே திணறுகின்றன. நிறை மதிப்பீட்டில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதற்கும் அது ஒரு காரணம். கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

கேட்காமல் போன ஓசை

1983 அக்டோபர் 19, சந்திரசேகரின் 73-வது பிறந்தநாள். அன்றுதான் நோபல் அறிவிப்பு வந்தது. வில்லியம் ஃபௌலரோடு பகிர்ந்துகொண்டார். இவர் வேறு ஃபௌலர், கேம்பிரிட்ஜ் ஃபௌலர் இல்லை. கப்பல் கணக்குக்கும் நோபலுக்கும் இடையே 53 ஆண்டுகள். அதே 1983-ல் கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய அவருடைய பெரிய புத்தகமும் வந்தது. சமன்பாடுகள் நிறைந்த அந்தப் புத்தகத்தை இன்றும் இந்தத் துறைக்கு வரும் மாணவர்கள் புரட்டுகிறார்கள்.

1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் காலமானார். லைகோ கட்டுமானம் அமெரிக்காவில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. 1999-ல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று அவர் பெயரை வைத்தார்கள். லலிதா 2013 வரை, 100 வயதைத் தாண்டி வாழ்ந்தார். முதல் ஈர்ப்பலை பதிவாக அப்போது இன்னும் இரண்டே ஆண்டுகள்தான் இருந்தன.

2025 ஜனவரி 14 அன்று பதிவான ஓர் இணைப்பில், கருந்துளையின் மணி ஓசை அதுவரை இல்லாத தெளிவோடு கேட்டது. முதன்மைச் சுருதியோடு அதன் மேல் சுருதி ஒன்றையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. சுழலும் கருந்துளைக்குக் கோட்பாடு சொல்லும் எண்களோடு இரண்டும் ஒத்துப்போயின.

அடுத்த கட்டம் இந்தியாவில். மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டம், ஔண்டாவில் லைகோ-இந்தியா கருவி வரப்போகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் ரூ.2,600 கோடிக்கு ஒப்புதல் தந்தது. உலகின் இன்னொரு மூலையில் ஒரு கருவி கூடினால், வானத்தில் எந்தத் திசையிலிருந்து அலை வந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம். 0.1 நொடியில் வந்துபோகும் துடிப்பு நிஜமா, கருவியின் இரைச்சலா என்பதைப் பிரிக்கவும் அது உதவும். மிகக் கனமான கருந்துளைகள் விஷயத்தில் நம்மிடம் இருக்கும் தரவு அவ்வளவுதான் என்பதால், ஒவ்வொரு புதுக் காதும் முக்கியம்.

1935-ல் அபத்தம் என்று ஒதுக்கப்பட்ட பொருள், இப்போது ஆய்வகங்களின் பட்டியலில் நூற்றுக்கணக்கில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பட்டியலில் அடுத்து 225-ஐத் தாண்டி ஓர் எண் வந்தால், விஞ்ஞானிகள் முதலில் பார்க்கப்போவது அதன் சுருதியை.